பாட்டு முடியட்டும்

ரோசலினைப் பற்றி அந்தத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். வாதம் அடித்துப் படுக்கையில் விழுந்த புருஷனுக்கு, அவருக்குப் பிடித்த பாட்டைக் காலையிலிருந்து போட்டுவிட்டு வேலைக்குப் போகிற பெண்சாதியை இந்தக் காலத்தில் எங்கே காண்பது என்பார்கள். சொல்லட்டும். ஊர் வாய் ஒருவரை நல்லவர் என்று சொல்வதே அபூர்வம். அந்த அபூர்வத்தையும் இப்படித் தப்பான இடத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது.

கேகாலைக்கும் வரக்காப்பொலைக்கும் நடுவே, கண்டி ரோட்டை விட்டு உள்ளே ஏறிப் போகிற இறப்பர் தோட்டம் அது. ஒரே கூரையின் கீழ் பத்து அறைகள், அதாவது பத்துக் காம்பரா, வரிசையாக ஓடுகிற லயத்தில் கடைசிக் காம்பரா ரோசலினுடையது. அவள் இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். லயத்து நடுச்சுவர் கூரை வரை ஏறாது. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் மூன்று வீடு தள்ளித் தும்முவார்கள். புருஷன் பெண்சாதி சண்டையும் அப்படித்தான், எல்லோருக்கும் பொது. ஆனால் ரோசலின் வீட்டில் சண்டைச் சத்தமே கேட்டதில்லை. பாட்டுத்தான் கேட்கும்.

புருஷன் பெயர் சாள்ஸ். பெரிய பங்களாவில் அப்புவாக இருந்தவர். அப்பு என்றால் சமையல், பரிமாறல், துரையின் விருந்தாளிகளுக்குக் குனிதல் எல்லாம் சேர்ந்த உத்தியோகம். இளவயதில் அவர் சேவித்த துரை அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது ஒரு கசட் பெட்டியையும் ஒரு மரப்பெட்டி நிறையக் கசட்டுகளையும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் பாதிக்கு மேல் அபா. சுவீடன் தேசத்துப் பாட்டுக் கூட்டம். இரண்டு ஆண், இரண்டு பெண். உலகமே ஆடிய பாட்டுகள் என்பார்கள். உலகம் ஆடியதோ இல்லையோ, சாள்ஸ் தலைகால் தெரியாமல் ஆடினார்.

அபாவைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குச் சத்தம். தமிழ்ப் பாட்டைக் கொட்டு என்றார். பைலாவைக் குடிகாரன் கூத்து என்றார். மாதா கோயிலில் பாடும் பாட்டை ஒப்பாரி என்று உபதேசியார் காதுபடவே சொன்னார். சாயந்தரம் பங்களாவிலிருந்து வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, கால்மேல் கால் போட்டுக் கதிரையில் சாய்ந்து பெட்டியைப் போட்டுவிட்டால் அது அவருடைய பங்களா. ரோசலின் அங்கே வேலைக்காரி.

உபதேசியார் அருளப்பனுக்கு அபாவைப் பிடிக்காது. அவர் யாரிடமோ விசாரித்து வைத்திருந்தார். "ரெண்டு சோடி. ரெண்டு சோடியும் அத்துக்கிட்டுப் போனவங்க. விவாகரத்துக்காரங்க பாட்ட ஒரு கத்தோலிக்க வீட்டுல போடலாமா?" என்று பூசை முடிந்து நிற்கிற இடத்தில் கேட்பார். தொழிற்சங்கத் தலைவர் ராமச்சந்திரனுக்கு வேறு காரணம். "வெள்ளக்காரன் பாட்டு. நம்ம பாட்டன் முதுகுல பெரம்பால அடிச்சவன் பாட்டு." அபா இங்கிலீஷ்காரர்கள் இல்லை, சுவீடன்காரர்கள் என்று யாரோ சொன்னபோது, "எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளதான்" என்று முடித்துவிட்டார். சந்தியில் கடை வைத்திருக்கிற சிங்கள முதலாளிக்கோ அபா என்றால் உயிர். "ஷோக் சிந்து, சாள்ஸ், அருமையான பாட்டு. அந்தக் காலத்துல நாங்க கேகாலையில ஆடின ஆட்டம் தெரியுமா?" என்று தேயிலைப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே இடுப்பை ஆட்டிக் காட்டுவார். இளம் பையன்களுக்கு அது கிழவர்களுடைய பாட்டு. இப்படி ஒரு லயமே சுவீடன்காரர்களைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருந்தது. அபிப்பிராயம் கேட்கப்படாத ஒரே ஆள் ரோசலின்தான்.

அவளுக்கும் ஒன்று இருந்தது. கலியாணம் ஆன முதல் நத்தார், கிறிஸ்து பிறந்த நாள். சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அடுப்படியில் கொக்கிஸ் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தவள், உள்ளே ஓடிய பாட்டோடு சேர்ந்து வாய்க்குள் பாடினாள். கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்று பாடின பெண். மெட்டைப் பிடிக்க அவளுக்குச் சிரமமில்லை. சாள்ஸ் எழுந்து வந்து பெட்டியை நிறுத்தினார். வந்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "பால் வெட்டுற வாய்ல இந்தப் பாட்டு வரக்கூடாது. பாட்டுக்குத்தான் கேவலம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமியார்தான் அதிகம் சிரித்தாள். அதன் பிறகு ரோசலின் கோயிலிலும் பாடவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிப் பின்வரிசைக்குப் போனாள்.

அது போகட்டும், சின்ன வயது, மறந்துவிடலாம். மறக்க முடியாதது இன்னொன்று. பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவளுடைய அம்மா செத்துப்போன செய்தி ஆள் மூலம் வந்தது. பால் வாளியை மரத்தடியிலேயே போட்டுவிட்டு மலையிலிருந்து ஓடி வந்தாள். சாள்ஸுக்கு அன்று லீவு. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"ஏங்க, எங்கம்மா..."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. வலது கையின் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"பாட்டு முடியட்டும்."

ரோசலின் வாசற்படியில் நின்றாள். கையெல்லாம் இறப்பர் பால் காய்ந்து தோல் தோலாக இருந்தது. அவள் அழுதால் இன்னும் சத்தமாக வைப்பார் என்று தெரியும். அதனால் அழவும் இல்லை. பாட்டு முடிந்தது. சாள்ஸ் கண்ணைத் திறந்து, "என்னா?" என்றார்.

அந்த ஒற்றை விரல்தான் அவர்களுடைய தாம்பத்தியம். மகனுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வேண்டும் என்றால் விரல். கூரைத் தகரம் ஒழுகுகிறது என்றால் விரல். மீறிப் பேசினால் விரல் பெட்டியின் குமிழுக்குப் போகும், சத்தம் ஏறும், அவள் வாய் அசைவது மட்டும் தெரியும். அடிக்கிற புருஷன்மார் லயத்தில் நிறைய இருந்தார்கள். சாள்ஸ் கை நீட்டாதவர் என்று பெயர். மற்றப் பெண்கள் ரோசலினைக் கொடுத்து வைத்தவள் என்றார்கள். அவள் ஆண்டவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு தடவையாவது இந்த மனுசன் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஆண்டவர் கேட்டதைக் கொடுத்தார். கொடுத்த விதம்தான் கொடுமை. இறப்பர் இலை உதிர்கிற காலத்தில் ஒரு காலை, முகம் கழுவப் போன சாள்ஸ், தண்ணீர் விழுகிற பீலிக் கரையில் விழுந்தார். வலது பக்கம் முழுவதும் இழுத்துக்கொண்டது. பேச்சு அடியோடு போனது. அவருக்கு எல்லாம் விளங்கியது, எதையும் சொல்ல முடியவில்லை.

கேகாலை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற றஸ்மியா மிஸ் நல்ல பெண். சாள்ஸின் இடது கையைப் பிடித்துக்கொண்டே ரோசலினிடம் கேட்டாள்.

"இவருக்கு எந்தப் பாட்டு விருப்பம்?"

"தெரியாதுங்க மிஸ்" என்றாள் ரோசலின்.

வரக்காப்பொலையில் போன் கடையில் வேலை செய்கிற மகன் அருள்தாஸ் பக்கத்தில் நின்றான். "என்னம்மா தெரியாதுங்குற? அபா, மிஸ். அது இல்லாம அப்பா ஒரு நாள் இருக்க மாட்டாரு."

"அப்ப நல்லதாப் போச்சு. பேச்சு வராதவங்களுக்குச் சில நேரம் பாட்டு வழி தெறந்துவிடும். ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம் போடுங்க. நீங்க பக்கத்துல இருந்து சேந்து பாடுங்க. தனியாப் போட்டு விடக் கூடாது. சேந்து பாடுறதுதான் மருந்து."

ரோசலின் தலையாட்டினாள். சேர்ந்து பாடுவதாம். முப்பது வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கிற வாய். லயத்துக்கு வந்து எல்லோரும் கேட்டபோது, "பாட்டுப் போடச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னாள். பாதி மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்டவள் மாதிரி மீதியை விழுங்கிவிட்டாள்.

அருள்தாஸ் கடையிலிருந்து ஒரு ஸ்பீக்கர் கொண்டுவந்தான். கைக்குள் அடங்குகிற சின்னச் சாமான், வாயைத் திறந்தால் மலை அதிரும். பழைய போன் ஒன்றில் பாட்டுகளை ஏற்றி, எங்கே தொட வேண்டும் என்று அம்மாவுக்குக் காட்டிவிட்டுப் போனான். முதல் சில நாள் அவள் வேலைக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போனாள். ஒன்று மாறி ஒன்று பாடியது. சாள்ஸ் கண்ணை மூடிக் கேட்டார். படுக்கையிலும் அவருக்குப் பங்களா கிடைத்துவிட்டதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள் கை தவறுதலாக எதையோ தொட்டுவிட்டாள். அம்புக்குறி வட்டம் போட்ட மாதிரி ஒரு படம். அவளுக்கு அது என்னவென்று தெரியாது. காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பிரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாள். மரங்களில் பால் வெட்டி, சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வெயில் ஏறி வீட்டுக்கு வந்தபோது, காலையில் போட்டுவிட்டுப் போன அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முடிந்தது. மறுபடி அதுவே ஆரம்பித்தது.

சாள்ஸின் தலையணை நனைந்திருந்தது. கண் இரண்டும் போனைப் பார்த்தபடி குத்தி நின்றன. அவளைக் கண்டதும் இடது கையால் போனைக் காட்டி "ம்... ம்..." என்றார். அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு பிள்ளைக்கும் விளங்கும்.

ரோசலின் பால் வாளியைக் கீழே வைத்தாள். அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். இந்த முகத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். வாசற்படியில் நின்று, அம்மா செத்த செய்தியை வாயில் வைத்துக்கொண்டு, அவள் இதே முகத்தோடுதான் காத்திருந்தாள். அவளுடைய கை தன்பாட்டில் மேலே போனது. ஒற்றை விரலைக் காட்டினாள்.

"இருங்க. பாட்டு முடியட்டும்."

சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். அந்தப் பாட்டு முடிகிற பாட்டில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்குச் சோறு அவளுக்கு இனித்தது. இதை மறைத்துச் சொல்வதில் பிரயோசனம் இல்லை, இனித்தது.

அப்புறம் தினமும் அதுவே. காலையில் அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, கஞ்சி ஊட்டி, பவுடர் போட்டு, தலை வாரி, ஒரு குறையும் வைக்காமல் எல்லாம் செய்வாள். கடைசியில் அவருக்குக் கை எட்டாத மூலையில் போனை வைத்து, அம்புக்குறி வட்டத்தைத் தொட்டுவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறுவாள். ஒரு வாரத்துக்கு ஒரு பாட்டு. அவருக்கு மிகவும் பிடித்தவற்றை முதலில் எடுத்தாள். எது எது பிடிக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஒவ்வொன்றாக அவருடைய காதில் கசக்கப் பண்ணினாள்.

லயத்துக்கு இது விளங்கவில்லை. விளங்கியது வேறு. பகலில் வீட்டில் இருக்கிற பெண்களுக்கு அதே பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தது. அடுத்த காம்பரா சுப்பம்மாவுக்கு முழங்கால் வலி. தோட்டத்து வேலையிலிருந்து பேர் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவள். நோயாளியை அவ்வப்போது எட்டிப் பார்க்கிற பொறுப்பை யாரும் கேட்காமலே தலையில் போட்டுக்கொண்டவள். ஒரு நாள் தலைவலி தாங்காமல் வந்து பாட்டை நிறுத்தினாள்.

சாள்ஸ் தலையைத் திருப்பினார். இடது கையால் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். வாய் கோணிக்கொண்டு ஏதோ சத்தம் வந்தது. கண்ணீர் பொலபொலவென்று ஓடியது. சாமிக்கு நன்றி சொல்கிற மாதிரி அவளையே பார்த்தார்.

சுப்பம்மாவுக்கு நெஞ்சு உருகிவிட்டது. "ஐயோ அண்ணே, பாட்ட நிப்பாட்டிட்டேன்னு அழுவுறீங்களா? நான் ஒரு பாவி. இந்தா, இந்தா" என்று மறுபடி போட்டாள். போட்டதும் இல்லாமல் சத்தத்தையும் கூட்டிவிட்டாள். அவர் இன்னும் அதிகமாக அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று கண்ணைத் துடைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் ரோசலின் வந்ததும் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். "தெரியாமச் செஞ்சிட்டேன் மதினி. கொழந்த மாதிரி ஏங்கி அழுதாரு. இனிமே தொடவே மாட்டேன். யாரையும் தொடவும் விட மாட்டேன்."

ரோசலின் குனிந்து வாளியைக் கழுவ ஆரம்பித்தாள். முகத்தைப் பார்த்தால் சிரிப்பது தெரிந்துவிடும்.

சுப்பம்மா வாய் வானொலிக்குச் சமம். சேதி மேல் லயம் வரை போனது. பையன்கள் இரண்டு பேர் தலைவரிடம் போய், ஒரே பாட்டை எத்தனை தரம் கேட்பது என்று முறையிட்டிருந்தார்கள். ராமச்சந்திரன் நேரில் வந்து லயத்து முற்றத்தில் நின்று பேசினார். "நோயாளி வீடு. அந்த மனுசனுக்கு உசுரே அந்தப் பாட்டுல இருக்குன்னு சுப்பம்மா சொல்லுது. வெள்ளக்காரன் பாட்டா இருந்தா என்னா, மருந்தும் வெள்ளக்காரன் குடுத்ததுதான். யாரும் வாயத் தெறக்கக் கூடாது." உபதேசியாரும் இறங்கி வந்தார். விவாகரத்துக்காரர் பாட்டு என்று சொன்ன வாயாலேயே, வியாதிக்காரருக்கு ஆறுதல் கொடுக்கிற எதுவும் தேவ கிருபைதான் என்றார். போகும்போது ரோசலின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். சாள்ஸ் படுக்கையிலிருந்து அவருடைய கண்ணையே பார்த்து "ம்... ம்..." என்றார். "ஆமா சாள்ஸ், பாட்டு நிக்காது, கவலப்படாத" என்று உபதேசியார் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

இரக்கம் இருக்கிறதே, அது எவ்வளவு சுலபமாக மனுசனைக் கொன்றுவிடுகிறது.

ஐப்பசி மழை பிடித்தது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. சிரட்டையில் தண்ணீர்தான் சேரும். ரோசலின் வீட்டில் அடைபட்டாள். அவள் இருக்கும்போது பாட்டை நிறுத்தலாமே என்றால் முடியாது. பாட்டு நின்றால் சுப்பம்மா சுவருக்கு மேலால், "ஏன் மதினி, அண்ணனுக்கு என்னாச்சு?" என்பாள். தோண்டிய குழியில் தானும் காலை விட்டாள். தகரத்தில் மழை அடிக்க, அடுப்படியில் குந்திக்கொண்டு அவளும் நாள் முழுக்க அபாவைக் கேட்டாள்.

கேட்கத்தான் வேண்டியிருந்தது. கேட்டதும் விளங்க ஆரம்பித்தது. பாஷை விளங்கவில்லை, குரல் விளங்கியது. அந்த இரண்டு பெண்களும் ஒரே மூச்சில் பாடுகிறார்கள், யார் யாரென்று பிரித்தெடுக்க முடியாது. கேட்டவுடன் ஆடச் சொல்கிற மெட்டு. ஆனால் அடியில் ஒரு அழுகை ஓடுகிறது. அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு பிரட்டுக்கு வந்து நிற்கிற பெண்களை அவள் பார்த்திருக்கிறாள். அப்படி ஒரு பாட்டு. இத்தனை வருடமும் இது தன் வீட்டுக்குள்ளேயே ஓடியிருக்கிறது, கோபத்தில் காதில் ஏற்றிக்கொள்ளவே இல்லையே என்று அவளுக்கு இருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் மரத்தில் கத்தி வைத்துப் பட்டை சீவிக்கொண்டிருந்தபோது தன் வாய் பாடுவதைத் தானே கேட்டாள். திடுக்கிட்டு நிறுத்தினாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. கீழே மர வரிசைகள் இறங்கிப் போயின. மறுபடி பாடினாள். இந்த முறை தெரிந்தே பாடினாள், வாய் விட்டு.

பௌர்ணமிப் போயா லீவுக்கு வந்த அருள்தாஸிடம் சாடைமாடையாக விசாரித்தாள். "உபதேசியாரு சொல்லுறது நெசமா? அந்த ரெண்டு சோடியும் பிரிஞ்சிட்டாங்களா?"

"ஆமாம்மா. ஆனா பிரிஞ்ச பொறகும் ஒன்னாத்தான் பாடுனாங்க. விட்டுட்டுப் போன புருஷன் இசை போடுறான், பொண்டாட்டி அவன் முன்னுக்கு நின்னு பாடுறா. வயசானப்பறம் நாலு பேரும் திரும்பச் சேந்து புதுசாவும் பாடியிருக்காங்க."

"பிரிஞ்ச பொறகுமா?"

"ஆமான்றேன். ஏம்மா, ஒனக்கும் பைத்தியம் புடிச்சிருச்சா?" என்று சிரித்தான்.

உபதேசியார் எதைக் காட்டி அந்தப் பாட்டு வேண்டாம் என்றாரோ, அதுவே ரோசலினைப் போட்டு ஆட்டியது. அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா? அறுத்துக்கொண்டு போன பிறகும் ஒரே பாட்டுக்குள் நிற்கிறவர்கள்? நாங்கள் அறுத்துக்கொள்ளவும் இல்லை, ஒரு பாட்டுக்குள் நின்றதும் இல்லை. அடுப்படியில் இருந்தபடியே படுக்கையைப் பார்த்தாள். மனுசன் இளைத்துப் போயிருந்தார். கண் இப்போது போனைப் பார்ப்பதில்லை, கூரையைப் பார்த்தது. நான் இவரை என்ன பண்ணி வைத்திருக்கிறேன் என்று முதன்முதலாக அவளுக்குப் பயம் வந்தது. பயத்துக்குப் பின்னால் வெட்கமும், வெட்கத்துக்குப் பின்னால், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆசையும் வந்தது. ரோசலின் கல் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு மனுசனோடு இருந்தவளுக்கு அவரை விட்டால் பேச வேறு யார்?

அன்று மத்தியானம் வேலை விட்டு வந்ததும் அம்புக்குறி வட்டத்தை எடுத்துவிட்டாள். சுப்பம்மா கேட்பதற்கு முன்னால், வேறு பாட்டு மாற்றுகிறேன் என்று சுவருக்கு மேலால் சொல்லிவைத்தாள். முகம் கழுவி, வேறு சேலை உடுத்தி, அவருடைய பழைய கதிரையை இழுத்துப் படுக்கையோரம் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கதிரையில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தரம்.

"இந்தாங்க," என்றாள். அவர் திரும்பவில்லை. "நல்ல பாட்டுங்க. நீங்க சொன்னது சரிதான். எனக்குத்தான் தெரியல்ல."

சாள்ஸ் மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் பேசி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு விரலும் எழும்பவில்லை. அவள் ஆண்டவரிடம் கேட்டது அன்றைக்குத்தான் கையில் வந்து விழுந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. றஸ்மியா மிஸ் சொன்ன மீதி மருந்து ஞாபகம் வந்தது. சேர்ந்து பாட வேண்டும்.

இதுவரை அவள் எடுக்காத பாட்டு ஒன்றைத் தேடி எடுத்தாள். அதைக் கெடுக்க அவளுக்கே மனசு வராமல் விட்டு வைத்திருந்தாள். சத்தத்தைக் குறைத்து வைத்து, அவருடைய இடது கையை மடியில் எடுத்துக்கொண்டு, பாட்டோடு சேர்ந்து பாடினாள். வார்த்தை இல்லாமல் மெட்டை மட்டும் பாடினாள்.

சாள்ஸின் முகம் அசைய ஆரம்பித்தது. நெற்றி சுருங்கியது. உதடு துடித்தது. தொண்டை எலும்பு மேலும் கீழும் போனது. அவள் பாடிக்கொண்டே அவரைத் தலையாட்டி ஊக்கினாள். வருகிறது, சேர்ந்து பாட வருகிறார், இதோ. கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நிப்பாட்டு" என்றார் சாள்ஸ்.

தெளிவாகத்தான் சொன்னார். விழுந்த நாளிலிருந்து அவர் பேசின முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டு அவளுடைய கைக்குள்ளிருந்து கையை இழுத்துக்கொண்டார். அவர் கண்ணில் இருந்தது கோபம்கூட இல்லை. கல்லெடுத்தவனைப் பார்க்கிற நாயின் பார்வை.

ரோசலின் பாடுவதை நிறுத்தினாள். பாட்டு தன்பாட்டில் ஓடியது.

"மதினி, யாரு அது? ஆம்பளக் குரல்? அண்ணனா பேசுனது?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சுப்பம்மா கத்தினாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முழங்கால் வலியை மறந்து ஓடிவந்து வாசலில் நின்று லயம் முழுவதும் கேட்கக் கூப்பிட்டாள். "வாங்கடி, ஓடி வாங்க, சாள்ஸ் அண்ணே பேசிட்டாரு."

கை வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் வந்தார்கள். தலைவர் வந்தார். கோயிலில் மெழுகுதிரி வாங்கி வைத்துக்கொண்டிருந்த உபதேசியாரை ஆள் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். சின்னக் காம்பராவுக்குள் மூச்சு விட இடமில்லை. யாரோ அருள்தாஸுக்குப் போன் எடுத்து அழுதார்கள்.

"என்னா சொன்னாரு ரோசலின்? மொத வார்த்த என்னா?" என்று கேட்டார் உபதேசியார்.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். சொல்லலாம். ஒரு வார்த்தைதான். சொன்னால் ஏன் நிறுத்தச் சொன்னார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு ஒவ்வொன்றாக அவிழும். சுப்பம்மாவின் தலைவலி நாளும், தலையணை நனைந்த நாளும், மூலையில் வைத்த போனும். தலையில் கை வைத்து ஆசீர்வதித்த மனுசன் முன்னால் நிற்கிறார். சாள்ஸும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லப்போவதைக் கேட்க அவரைப் போல் ஆவலாக அந்த வீட்டில் யாரும் இல்லை.

"ரோசலின்னு சொன்னாருங்க" என்றாள்.

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். தலைவர் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பாட்டுதான் பேச வச்சுச்சு. நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றாள் சுப்பம்மா. "இப்ப நிப்பாட்டவே கூடாது. இன்னும் பேசுவாரு, பாருங்க." போனை எடுத்து, ஸ்பீக்கரின் சத்தத்தை அது போகிற மட்டும் ஏற்றினாள்.

தகரம் அதிர்ந்தது. சாள்ஸ் தலையைத் தூக்கப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. அதே வார்த்தைதான். ஒரு தரம், இரண்டு தரம், பிறகு விடாமல். ஒரு எழுத்தும் யாருடைய காதிலும் விழவில்லை.

"பாருங்க, பாருங்க, கூடவே பாடுறாரு" என்று சுப்பம்மா கைதட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். "மதினி, நீயும் பாடு. ஒனக்காகத்தானே பாடுறாரு, பாடு."

ரோசலின் புருஷனுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டே பாடினாள். இவ்வளவு நல்ல குரலை இத்தனை காலமும் எங்கே வைத்திருந்தாய் என்று உபதேசியார் கேட்டார்.